போதை விட்ட சரீரத்துக்குப் பசி திரும்பும்போது

இந்த இதழின் ஆரோக்கியப் பாடத்துக்கு, பலர் கேட்கத் தயங்கும் ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறோம்.

போதையிலிருந்து விடுபட்டு வீடு திரும்பிய ஒரு வாலிபரை ஆறு மாதம் கழித்து ஆலய வாசலில் சந்திக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். சிகிச்சைக்குப் போனபோது கன்னம் ஒட்டி, எலும்பும் தோலுமாக இருந்தவர். இப்போது முகம் நிரம்பியிருக்கிறது. சட்டைப் பொத்தான் வயிற்றருகே இழுத்துப் பிடிக்கிறது. "என்ன தம்பி, ஆளே அடையாளம் தெரியலையே! நல்லா பூசினாப்ல ஆயிட்டியே!" என்று ஒரு பெரியம்மா வாய் நிறையச் சொல்கிறார். பக்கத்தில் நிற்கும் தாயாருக்கு அந்த வார்த்தை தேன். அந்த வாலிபருக்கோ, பல வேளைகளில் அது முள். "ஊசி போட்ட நாளில் ஒல்லியாக இருந்தேன், விட்டதும் தொப்பை போட்டுவிட்டது" என்ற எண்ணம் உள்ளே ஓடுகிறது. அந்த எண்ணத்தைத் தொடர்ந்தே சிலர் பழைய வழிக்குத் திரும்புகிறார்கள். எடை கூடிவிடும் என்ற பயத்தாலேயே புகையிலையையோ, விழிப்பூட்டும் போதை மாத்திரையையோ விட மறுப்பவர்களும் உண்டு. பெண்களிடம் இந்தப் பயம் இன்னும் அதிகம்.

அப்படியானால் போதை விட்ட பிறகு வரும் இந்த எடை நல்லதா, கெட்டதா? முதல் சில மாதங்களில் வருவது பெரும்பாலும் சரீரம் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளும் வேலை. அதைத் தடுக்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டே போனால் அது புதிய வியாதிகளுக்குக் கதவு திறக்கிறது. அதைக் கவனியாமல் விடவும் கூடாது. எது எந்தக் காலம் என்று தெரிந்திருப்பதில்தான் குடும்பத்தாரின் ஞானம் இருக்கிறது.

முதலில், போதையில் இருக்கும் ஒருவர் ஏன் மெலிகிறார் என்று பார்ப்போம். பிரவுன் சுகர் எனப்படும் ஹெராயினும், இக்காலத்தில் நம் தமிழ்நாட்டில் வாலிபர்கள் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் டேபண்டடால் போன்ற வலி மாத்திரைகளும் ஓபியாய்டு என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை குடலின் அசைவை மந்தமாக்கும், மலச்சிக்கல் உண்டாகும், பசி மங்கும். ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் குறைந்து தசை கரையும். கையில் இருக்கும் காசு முழுவதும் போதைக்கே போவதால் சாப்பாடு என்பது டீயும் பன்னுமாகச் சுருங்கிவிடும்.

குடிப்பழக்கத்தின் கணக்கு வேறு. மதுச்சாரம் ஒரு கிராமுக்கு 7 கலோரி தரும். 180 மில்லி கொண்ட ஒரு குவார்ட்டர் பிராந்தியில் ஏறக்குறைய 60 கிராம் மதுச்சாரம், அதாவது 420 கலோரிக்கு மேல் இருக்கிறது. ஏழெட்டு இட்லிக்குச் சமமான சக்தி. ஆனால் அதில் புரதமும் இல்லை, வைட்டமினும் இல்லை. வயிறு நிறைந்ததுபோல் காட்டி, நல்ல ஆகாரத்தை உள்ளே விடாமல் செய்துவிடும். இரைப்பையும் கணையமும் கெட்டபின் உண்பதும் சரியாக உடம்பில் சேராது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய குடிகாரர்களை நாம் பார்ப்பது இதனால்தான்.

மொத்தத்தில், பட்டினி கிடந்த ஒரு சரீரமே சிகிச்சைக்கு வருகிறது. பட்டினி கிடந்த சரீரம் மறுபடி உணவைக் காணும்போது எப்படி நடந்துகொள்ளும்? இதற்கு உலகம் அறிந்த ஒரு பரிசோதனை உண்டு. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலத்தில், 1944-45-ல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி அதை நடத்தினார். போரில் பசியால் வாடிய மக்களுக்கு எப்படி உணவூட்டி மீட்பது என்று அறிவதே நோக்கம். தங்களைப் பட்டினிக்கு ஒப்புக்கொடுத்தவர்கள் 36 வாலிபர்கள். மனச்சாட்சியினிமித்தம் ஆயுதம் எடுக்க மறுத்தவர்கள் அவர்கள். அநேகர் குவேக்கர், மெனோனைட் போன்ற சமாதான சபைகளைச் சேர்ந்தவர்கள். துப்பாக்கி பிடிக்க மறுத்த கைகள் வேறு விதத்தில் உதவ முன்வந்தன. நம் சபைகளில் இந்தச் சம்பவத்தை அறிந்தவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு வருத்தமே.

24 வாரங்கள் அவர்களுக்கு அரைவயிற்று உணவு. எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. அதோடு இன்னொன்றும் நடந்தது. சும்மா இருக்கும்போது சரீரம் செலவிடும் சக்தி சுமார் 40 சதவீதம் குறைந்துபோயிற்று. இதைத்தான் வளர்சிதை மாற்றம் மந்தமாவது என்கிறோம். எண்ணெய் குறைந்த விளக்கின் திரியை வீட்டம்மா இறக்கி வைப்பதுபோல, சரீரம் தன் நெருப்பைத் தானே தணித்துக்கொள்கிறது. அவர்கள் மனமோ இரவும் பகலும் உணவையே சுற்றியது. சிலர் சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்துவைத்துப் படித்தார்கள்.

பிறகு தாராளமாக உணவு கிடைத்தபோது, வயிறு நிறைந்தும் பசி அடங்கவில்லை. நாளொன்றுக்கு 5,000 கலோரிக்கு மேல் சாப்பிட்டவர்கள் உண்டு. இழந்த தசை மெதுவாகத்தான் திரும்பியது. கொழுப்போ வேகமாகத் திரும்பி, முன்பிருந்த அளவையும் தாண்டிவிட்டது. இந்த வாலிபர்கள் குடிகாரர்களும் அல்ல, போதைக்கு அடிமைகளும் அல்ல, ஒழுக்கத்தில் உறுதியானவர்கள். அவர்களுக்கே இப்படி என்றால், மறுவாழ்வுக்கு வந்த உங்கள் மகன் இரவு பத்து மணிக்குச் சட்டியைத் துழாவுவதைப் பார்த்து, "போதையை விட்டான், பெருந்தீனியைப் பிடிச்சிட்டான்" என்று சொல்லலாமா? அது குணக்கேடு அல்ல. கொழுப்பை முதலில் நிரப்பிக்கொள்வதும், தசை ஈடாகும்வரை பசியை எழுப்பிக்கொண்டேயிருப்பதும் பட்டினி கண்ட உடம்பின் இயல்பு.

இங்கே வீட்டார் அறியவேண்டிய ஓர் எச்சரிக்கை. மிகவும் மெலிந்துபோன ஒருவருக்கு, பல நாள் பட்டினிக்குப் பிறகு, வந்த முதல் நாளே பிரியாணியும் பாயசமும் வைக்காதீர்கள். திடீரென்று மாவுச்சத்து நிறையச் சேரும்போது இரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம் போன்ற உப்புகள் சட்டென்று குறைந்து இருதயமே நின்றுவிடக்கூடும். உலகப் போரின் முடிவில் விடுதலையான கைதிகளிடம் இந்த ஆபத்து கண்டறியப்பட்டது. நீண்டகாலம் குடித்தவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. தயமின் என்ற வைட்டமின் பி1 குறைந்திருக்கும் நிலையில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். ஆகவேதான் ஆஸ்பத்திரியில் முதலில் தயமின் ஊசியைப் போட்டு, உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறார்கள். "காசு கட்டியும் கஞ்சிதான் தர்றாங்க" என்று வார்டில் குறைப்படும் உறவினர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

இனிப்பைப் பற்றிப் பேசாமல் இந்தப் பாடம் முடியாது. போதையை விட்டவர்கள் சர்க்கரையைத் தேடுவது உலகெங்கும் காணப்படும் வழக்கம். மூளையில் இன்ப உணர்வோடும் நாட்டத்தோடும் தொடர்புடைய டோபமைன் என்ற இரசாயனம் உண்டு. போதைப் பொருள் அதை வெள்ளமாகத் திறந்துவிட்டுப் பழக்குகிறது. அந்த வெள்ளம் நின்றதும் எல்லாம் சப்பென்று இருக்கும். பிள்ளையின் சிரிப்பும் பாட்டும் கூட ருசிக்காது. அந்த வறட்சியில் சீக்கிரமாக ஓர் ஆறுதல் தருவது இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும். 2001-ல் ஜீன்-ஜாக் வாங், நோரா வோல்கோ ஆகியோர் வெளியிட்ட மூளைப் படங்கள், மிக அதிகப் பருமன் உள்ளவர்களின் மூளையில் டோபமைனை ஏற்கும் வாயில்கள் குறைந்திருப்பதைக் காட்டின. போதைக்கு அடிமையானவர்களிடம் காணப்படும் குறைவும் அதே விதமானதே.

குடியை விட்டோர் கூட்டமான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், 1975-ல் வெளியிட்ட ஒரு சிறுபுத்தகத்தில், குடிக்கவேண்டும் என்ற வெறி எழும்போது இனிப்பாக எதையாவது சாப்பிடச் சொல்லி ஆலோசனை கொடுத்திருக்கிறது. முதல் வாரங்களுக்கு அது நல்ல ஆலோசனைதான். ஒரு கடலை மிட்டாய் ஒரு குவார்ட்டரைத் தடுக்குமானால் கடலை மிட்டாய்க்கு வாழ்த்துச் சொல்லலாம். ஆனால் அதுவே வருஷக்கணக்கில் தொடர்ந்தால்? நாளைக்கு எட்டு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்று பாருங்கள். பதினாறு சிறு கரண்டி, 80 கிராம், 320 கலோரி. வெறும் கணக்குப்படி ஒரு மாதத்தில் ஒரு கிலோவுக்கு மேல் கொழுப்பு. உடம்பு கணக்குப் புத்தகம்போல் நடப்பதில்லை. ஆனாலும் போகும் திசை அதுதான். உணவில் சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் கூறியது. சர்க்கரையை ஒரேயடியாக நிறுத்தாமல், இரண்டு கரண்டியை ஒன்றரையாகவும் பிறகு ஒன்றாகவும் இறக்கினால் நாக்கு பழகிவிடும்.

மருந்துகளின் பங்கையும் மறைக்கக்கூடாது. மனதை அமைதிப்படுத்தக் கொடுக்கப்படும் ஒலான்சபின், குவெட்டியாபின், வால்ப்ரோயேட், மிர்ட்டாசபின் ஆகியவை பசியையும் எடையையும் கூட்டக்கூடியவை. ஓபியாய்டு போதைக்கு மாற்றாகத் தரப்படும் மெதடோன் எடுப்பவர்களிடமும் இனிப்பு ஆசையும் எடையும் கூடுவது பதிவாகியிருக்கிறது. புகையிலையையும் சேர்த்து விட்டவருக்கு ஒரு வருஷத்தில் சராசரியாக 4 முதல் 5 கிலோ கூடும்; நிக்கோட்டின் பசியை அடக்கி, உடம்பின் எரிப்பைச் சற்று வேகப்படுத்தி வைத்திருந்ததே காரணம். இதற்காக மாத்திரையை வீட்டிலேயே நிறுத்திவிடுவது பெரிய விபரீதம். "டாக்டர், எனக்கு எடை ஏறுது; வேற மருந்து உண்டா?" என்று கேட்க நோயாளிக்கு முழு உரிமை உண்டு. பல சமயம் மாற்று இருக்கிறது. சுவாரசியமான ஒரு காரியம்: குடிக்கும் ஓபியாய்டு போதைக்கும் கொடுக்கப்படும் நால்ட்ரெக்சோன் என்ற மருந்தையே, இன்னொரு மருந்தோடு சேர்த்து, உடற்பருமனுக்கான சிகிச்சையாக அமெரிக்கா 2014-ல் அங்கீகரித்தது. பசியும் போதை நாட்டமும் மூளையில் எவ்வளவு நெருங்கிய அண்டைவீட்டார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சரி, எடை ஏறினால் என்ன, உயிர் பிழைத்ததே போதாதா என்று சிலர் கேட்கலாம். நம் இந்தியச் சரீரத்துக்கு அந்தச் சலுகை கொஞ்சம்தான். 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் பூனாவைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் இங்கிலாந்தின் டாக்டர் யட்கினும் தங்களையே எடுத்துக்காட்டாக வைத்து ஒரு படம் வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் இருவரும் ஒன்றே; இருவருக்கும் 22.3. ஆனால் உடம்பில் உள்ள கொழுப்போ, ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு. ஆகவே நமக்கு எடை இயந்திரத்தைவிடத் தையற்காரர் நாடாவே நம்பத்தக்கது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் சர்க்கரை வியாதியும் இரத்த அழுத்தமும் நெருங்குகின்றன என்று பொருள்.

ஈரலைப் பற்றி நினைக்கும்போது இன்னும் மனம் கனக்கிறது. குடியால் ஈரலில் படிந்த கொழுப்பு, குடியை முற்றிலும் விட்டால் பெரும்பாலும் சில வாரங்களிலேயே கரைந்துவிடும். எவ்வளவு பெரிய நன்மை! அப்படி மீட்ட ஈரலிலேயே, தொப்பையாலும் சர்க்கரையாலும் மறுபடி கொழுப்பு படிவதைப் பார்க்கிறோம். ஊசி பகிர்ந்ததால் ஹெபடைட்டிஸ் சி தொற்றிய ஒருவருக்கு, பருமனும் நீரிழிவும் சேர்ந்தால் ஈரல் இறுகிப்போவது துரிதமாகும். அந்தத் தொற்றுக்கு இப்போது மூன்று மாத அளவில் குணமாக்கும் மாத்திரைகள் உண்டு. ஊசி போட்டுக்கொண்ட ஒவ்வொருவரும் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும்.

இவ்வளவையும் படித்துவிட்டு நாளைக்கே அவரைப் பட்டினி போட்டுவிடாதீர்கள்! முதல் ஆறு மாதம் எடை குறைக்கும் முயற்சி வேண்டாம் என்பதே என் கருத்து. பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் பழைய வழிக்கு இழுக்கும் கயிறுகள் என்று மறுவாழ்வு இல்லங்களில் கற்றுத்தருகிறார்கள். அவற்றில் பசியே முதலாவது. காலை உணவைத் தவிர்த்தவருக்குப் பதினொரு மணிக்கு வரும் நடுக்கத்தையும் எரிச்சலையும் அவருடைய மூளை போதைக்கான அழைப்பாகவே வாசிக்கும்.

இதனால் சபையாரிடமும் போதகர்களிடமும் ஒரு விண்ணப்பம். புதிதாக விடுபட்டவரை மூன்று நாள் உபவாச ஜெபத்துக்கு அழைக்காதீர்கள். லெந்து காலத்திலும் அவருக்கு உணவை ஒறுப்பது அல்லாத வேறொரு ஒறுத்தலைக் காட்டுங்கள். கூட்டத்தில் உட்கார்ந்து ஜெபிக்கட்டும்; ஆனால் வேளைக்குச் சாப்பிட்டுவிட்டு வரட்டும். நீரிழிவு மாத்திரை எடுப்பவருக்கும், ஈரல் கெட்டவருக்கும் பட்டினி நேரடி ஆபத்து.

அதேபோல், எடை குறைப்பதாக விளம்பரம் செய்யும் மாத்திரைகளையும் பொடிகளையும் வீட்டுக்குள்ளேயே விடக்கூடாது. ஒரு காலத்தில் அமெரிக்காவில் ஆம்ஃபெட்டமின் என்ற போதை மருந்தே உடல் மெலிய வைக்கும் மாத்திரையாக விற்கப்பட்டது. அதன் உறவினர்கள் இன்றும் பசியடக்கும் மருந்துகளாக உலவுகின்றன. ஒரு போதையிலிருந்து வெளியே வந்தவர் மற்றொன்றின் வாசலில் போய் நிற்க இது குறுக்கு வழி.

என்ன செய்யலாம்? வீட்டில் மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பாடு. இதைச் சொல்வது எளிது. ஐந்தாறு வருஷம் நேரங்காலம் இல்லாமல் அலைந்த வயிற்றுக்கு இது பெரிய பயிற்சி. காலையில் ஒரு முட்டையோ, கொண்டைக்கடலைச் சுண்டலோ, பச்சைப்பயறோ அவசியம் இருக்கட்டும். தசையைத் திரும்பக் கட்டப் புரதம் வேண்டும். நம் சாப்பாட்டில் சோறு மலையாகவும் குழம்பு ஓடையாகவும் இருக்கிறது. சோற்றை ஒரு கரண்டி குறைத்து, பருப்பையும் கீரையையும் நெத்திலி மீனையும் கூட்டினால் பசி தாங்கும். விலை உயர்ந்த டானிக் டப்பாக்கள் தேவையில்லை. மாலை நான்கு மணிக்கும் இரவு படுக்குமுன்னும் ஏக்கம் எழும் நேரங்கள். அப்போது கைக்கெட்டும் இடத்தில் வறுகடலை, கொய்யா, மோர் இருக்கட்டும். ரஸ்க் பாக்கெட் இருந்தால் ரஸ்க்தான் தீரும்.

நடை தினமும் அரைமணி நேரம். துணைக்கு ஒருவர் நடந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் அதில் தனிமையும் தீர்கிறது. பழைய நண்பர்கள் நிற்கும் முக்கைத் தாண்டும்போது பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிறார். தண்ணீர்க் குடம் தூக்குதல், தோட்டம் கொத்துதல் போன்ற பாரமான வேலைகள் தசையை வளர்க்கும்; தசை வளர வளரச் சும்மா இருக்கும்போதும் உடம்பு சற்று அதிகமாக எரிக்கும். தூக்கம் ஒழுங்குபட மாதங்கள் ஆகலாம். தூக்கம் குறைந்த மறுநாள் பசி கூடுவதை அவர்களே கவனித்துச் சொல்வார்கள்.

சபையின் பந்தியும் இதில் சேர்ந்ததே. அசன விருந்தில் "இன்னும் ரெண்டு துண்டு வைங்க, பாவம் எத்தனை நாள் காஞ்சு கெடந்தவன்" என்று இலையை நிரப்புவது அன்புதான். ஆனாலும் ஒரு வருஷம் கடந்தவருக்கு அந்த அன்பு வேறு உருவம் எடுக்கட்டும்: பரிமாறும் வேலையையே அவர் கையில் கொடுங்கள். கிறிஸ்மஸ் நாட்களில் பத்து வீட்டு அதிரசமும் அச்சுமுறுக்கும் கேக்கும் ஒரே வீட்டில் குவியும். அவர் வீட்டுக்கு அந்த வருஷம் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுபோனால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. வாசலில் சந்திக்கும்போது உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "வேலை எப்படிப் போகுது தம்பி?" என்று கேளுங்கள்.

இவ்வளவு நேரம் எடை கூடுவதைப் பற்றிப் பேசினோம். கூடவேண்டிய காலத்தில் குறைந்தால் அதுவே பெரிய அபாய மணி. மாலைக் காய்ச்சலும் இருமலும் சேர்ந்தால் காசநோயாக இருக்கலாம். நீண்டகாலம் குடித்தவருக்குத் தாகமும் அடிக்கடி சிறுநீரும் மெலிவும் சேர்ந்தால், கெட்டுப்போன கணையத்தால் வந்த நீரிழிவாக இருக்கலாம். பழைய பழக்கம் இரகசியமாகத் திரும்பியிருப்பதற்கும் இது அடையாளமாகலாம். ஆனால் முதலில் குற்றம் சாட்டாமல் முதலில் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வாருங்கள். சளிப் பரிசோதனையும் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம்.

ஆறு மாதம் நிறைந்தவர்கள் இடுப்பளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, ஈரல் ஆகியவற்றுக்கான பரிசோதனைகளை ஒருமுறை செய்துகொண்டு, எண்களை ஒரு நோட்டில் எழுதிவைக்கட்டும். அடுத்த ஆறு மாதத்தில் இடுப்பு நாடா எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்தே, எடை குறைக்கத் தொடங்கலாமா, இன்னும் பொறுக்கலாமா என்று டாக்டர் சொல்வார்.